போர்டில் ஒன்றுமில்லை

என் கணவர் வாகனம் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொன்ன வருடத்தில்தான் அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். நான்கு சின்ன பற்றரியில் ஓடும். ரிமோட்டின் விசையை விரலால் இழுத்தால் முன்னுக்குப் பாயும். பக்கத்தில் இருக்கிற குட்டிச் சக்கரத்தைத் திருப்பினால் திரும்பும். ஐம்பதை எட்டிப் பார்க்கும் ஒரு மிளகு வியாபாரி விளையாட்டுக் காரோடு வீட்டுக்கு வந்தால் எந்த மனைவியும் ஏதாவது சொல்வாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த மாதங்களில் அவர் சிரித்துப் பார்த்ததே குறைவு.

அதற்கு முன்பு அவருடைய நாள் முழுவதும் வியாபார வான் ஓட்டுவதில்தான் போகும். அலவத்துகொடையில் எங்கள் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டால் சுற்றுவட்டாரத்துத் தோட்ட வளவுகளில் எல்லாம் மிளகும் கராம்பும் சேர்த்துக்கொண்டு மாலையில்தான் திரும்புவார். எந்த வளைவில் எதிரே பஸ் வந்தால் எங்கே ஒதுங்கலாம் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையின் காரை ஓட்ட இவரைத்தான் தேடுவார்கள். அப்படிப்பட்டவர் ஒரு காலை நேரம் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே கதிரையிலிருந்து சரிந்து விழுந்தார். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. நான் பல் டொக்டர். என் நோயாளி ஒருவருக்கு வலிப்பு வந்து நான் பார்த்திருக்கிறேன், பதறாமல் செய்ய வேண்டியதைச் செய்தும் இருக்கிறேன். என் வீட்டுத் தரையில் கிடந்தவரைப் பார்த்தபோது படித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

கண்டியில் நரம்பு டொக்டரிடம் காட்டினோம். யாழ்ப்பாணத்து மனிதர், தாழ்ந்த குரல். மருந்து எழுதினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு வருஷத்துக்கு வாகனம் ஓடக்கூடாது. வருஷம் முழுக்க ஒண்டும் வராட்டில் பாப்பம். இடையில ஒருக்கா வந்தாலும் அண்டையில இருந்து திரும்ப ஒரு வருஷம். பெரிசா விழவேணுமெண்டில்லை. கண் திறந்தபடியே ஆள் கொஞ்ச நேரம் இல்லாமப் போறதும் இருக்கு. அதுவும் கணக்குத்தான். வந்தவருக்கு அது தெரியாது. பக்கத்தில இருக்கிற ஆக்கள்தான் கவனிக்கவேணும்."

கடைசி வசனத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கிருந்து வீட்டில் காவல் வேலை எனக்கு வந்தது. அவர் பத்திரிகையில் ஒரே பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தால்கூட, "என்ன வாசிக்கிறீங்க?" என்று கேட்பேன். "மையத்து அறிவித்தல், செத்தவங்கட பேர்," என்பார் கடுப்பாக. வானுக்கு ஒரு ட்ரைவரைப் பிடித்தோம். அவன் கியர் மாற்றும் சத்தம் கேட்டால் இவர் காதைப் பொத்திக்கொள்வார். என் சிறிய காரை நான் ஓட்ட, இவர் பக்கத்து சீற்றில் மடியில் கையை வைத்துக்கொண்டு இருப்பார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த வருடம் கறையில்லாமல் முடிய வேண்டும், வானின் சாவி திரும்பக் கைக்கு வரவேண்டும்.

குட்டிக் காரின் பின்னால் ஒரு மாஸ்டர் இருந்தார். கட்டுகஸ்தோட்டையில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் கணித டியூஷன் வகுப்பு நடத்துகிறவர். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் மகள் உயர்தரப் பரீட்சைக்கு அவரிடம்தான் படித்தாள். இப்போது கொழும்பில் கம்பஸில் இருக்கிறாள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் மாஸ்டர் வகுப்பு வைக்கமாட்டார். அன்றைக்கு மாணவர்கள் உட்காரும் வாங்குகளை எல்லாம் சுவரோரமாக அடுக்கிவிட்டு, பிள்ளைகள் விளையாடும் ஸ்பொஞ்ச் பாய்களைத் தரையில் பொருத்தி, ஓரங்களில் பட்டி வைத்து, குட்டிக் கார்களுக்கு ஒரு பாதை போடுவார். ஏழெட்டுப் பேர் கார்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வெள்ளைப் பலகையில் முதல் நாள் வகுப்பின் தொகையீட்டுக் கணக்கு பாதி அழிந்தபடி இருக்கும். அதன் பக்கத்தில் யார் யாருக்கு எந்த ஓட்டம் என்று எழுதுவார்கள். மாஸ்டர் என் கணவரை முதலில் சும்மா பார்க்கத்தான் கூப்பிட்டார். அடுத்த மாதம் இவர் சொந்தக் காரோடு போனார்.

நான் கூடவே போகவேண்டி இருந்தது. கொண்டுபோய் விடவும் ஆள் வேண்டும், பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். ஓட்டம் இல்லாதவர்கள் வளைவுகளில் நின்று, குப்புற விழும் கார்களை நிமிர்த்திவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். பார்க்க வந்தவர்களுக்கும் விலக்கில்லை. அப்படித்தான் எனக்கும் ஒரு வளைவு கிடைத்தது. நீட்டுப் பாதை முடிகிற இடத்தில், ஜன்னலோரம்.

முதல் இரண்டு போயாவிலும் இவர் கடைசி. மூன்றாவதில் அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "மோட்டர் பத்தாது," என்றார் திரும்பி வரும்போது.

"வளைவில ஒவ்வொரு முறையும் முட்டுறீங்க. அதுக்கும் மோட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

"உங்களுக்கு விளங்காது. நீட்டுப் பாதையில எல்லாரும் என்னைத் தாண்டிட்டுப் போறாங்க."

தபாலில் புதிய மோட்டர் ஒன்று வந்தது. பழையதைவிட இரண்டு மடங்கு வேகம் என்றார். ஆனால் அதை அப்படியே போட ஏலாது. காரின் வயிற்றில் தபால் முத்திரை அளவில் ஒரு போர்ட் இருக்கிறது. மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடுவது அதிலுள்ள மொஸ்ஃபெட் என்ற கறுப்புத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு மிளகைவிடப் பெரிதில்லை. பெரிய மோட்டர் இழுக்கும் மின்சாரத்தை அவை தாங்காது, கருகிவிடும். அதனால் அதே மாதிரி இன்னொரு தொகுதியை வாங்கி, ஒன்றின் முதுகில் ஒன்றாக ஏற்றி, கால்களைச் சேர்த்து ஈயம் வைக்க வேண்டும். பாரம் பங்கு போடப்படும், சூடும் குறையும். இதை எல்லாம் அவர் ஃபோனில் பார்த்துப் படித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் என் முன்னால் போர்டை வைத்தார்.

"உங்கட கைக்கு இது ஏலும்," என்றார்.

"பல் அடைக்கிற கையால இதுக்கு ஈயம் வெக்கச் சொல்றீங்களா?"

"வேற யார்ட கேக்குற? எண்ட கை இப்ப நடுங்குதே."

மருந்தின் குணம் அது, கொஞ்சம் நடுக்கம் தரும். அதை அவர் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் போர்டை வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாள் மதியம், நோயாளிகள் இல்லாத நேரத்தில், கிளினிக்கில் வைத்துத்தான் செய்தேன். நல்ல வெளிச்சம், நெற்றியில் கட்டும் பெரிதாக்கிக் கண்ணாடி, மெல்லிய இடுக்கி, எல்லாம் அங்கே இருக்கின்றன. பல்லுக்குள் கூசும் நரம்பு இல்லை, துப்ப வேண்டும் என்று நடுவில் எழும்பும் ஆளும் இல்லை. இப்படி ஒரு நல்ல நோயாளி எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. ஒவ்வொரு காலாகச் சேர்த்து, கூடின ஈயத்தை உறிஞ்சி எடுத்து, மீற்றரை வைத்துப் பார்த்தேன். என் வேலையைப் பற்றி நான் அடக்கமாகப் பேசுகிறவள் இல்லை. அது அழகான வேலை.

அடுத்த போயாவில் அந்தக் கார் நீட்டுப் பாதையில் எல்லோரையும் தாண்டிக்கொண்டு போனது. மாஸ்டர் வாயைப் பிளந்தார். போன வேகத்தில் பாதையின் நடுவில் சட்டென்று செத்து நின்றது. போர்டிலிருந்த சிவப்பு வெளிச்சம் அணைந்து, பிறகு எரிந்தது. உடனே ஒன்றுமே நடக்காத மாதிரித் திரும்ப ஓடத் தொடங்கியது. அடுத்த சுற்றில் மறுபடியும் அப்படி. இவர் விசையை முழுதாக இழுக்கும் போதெல்லாம் கார் ஒரு கணம் மயங்கி விழித்தது.

"என்னாங்க சார், உங்க வண்டி நடுவுல தூங்கிட்டுப் போகுது!" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். நான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பாலத்தடியில் வாகனங்கள் நெருங்கி நின்றன. அவர் மகாவலியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நானும் அப்படித்தானா? நிண்டு போய், திரும்ப வந்து, நடந்தது ஒண்டும் தெரியாம?"

"அண்டைக்கு நீங்க விழுந்தீங்க. அது வேற," என்றேன்.

காரின் மயக்கத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. பெரிய மோட்டர் திடீரென்று இழுக்கும்போது பற்றரியின் அழுத்தம் விழுந்துவிடுகிறது. போர்டின் மூளைக்குப் பசி வந்து, அது அணைந்து எழும்புகிறது. அதற்கு ஒரு கெப்பாசிட்டர் வைத்தால் போதும். மேட்டிலிருக்கும் எங்கள் வீட்டில் குழாயில் தண்ணீர் மெலிந்தாலும் கூரையில் தண்ணீர்த் தாங்கி இருப்பதால் குளியலறை நிற்பதில்லை. அதே வேலைதான் அதுவும். ஒன்றை வாங்கி ஈயம் வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில் சக்கரங்களைத் தூக்கி வைத்து நாங்கள் இருவரும் விசையை இழுத்து இழுத்துப் பார்த்தோம். சிவப்பு வெளிச்சம் அசையாமல் எரிந்தது.

அதற்குப் பின்வந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. வேகம் கூடியதும் இவர் இன்னும் கூடுதலாகத்தான் முட்டினார். மாஸ்டர் கடையில் வாங்கியபடியே இருக்கும் மோட்டரை வைத்துக்கொண்டு நிதானமாக வந்து இவரை வென்றுவிட்டுப் போவார். "பவர் இருக்குங்க சார், பிரேக் எங்கங்க?" என்பார். இவரும் விடமாட்டார். எங்கே மெதுவாகப் போனால் எங்கே வேகம் எடுக்கலாம் என்று சுவரில் விரலால் வளைவுகளை வரைந்து யோசிப்பார். கடைசியில் ஒரு போயாவில் இரண்டாவதாக வந்தார். உடனே கீழே கடைக்குப் போய் அங்கிருந்த எல்லோருக்கும் தின்ன ரோல்ஸ் வாங்கினோம். வீட்டிலும் பேச்சு திரும்பி வந்தது. வருடம் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. முற்றத்தில் வானைக் கழுவி, டயருக்குக் காற்றுப் பார்த்து, ட்ரைவரிடம் இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அவர் சொல்லத் தொடங்கியிருந்தார்.

அந்தக் கடைசிப் போயாவில் மழை. மேல்மாடியில் லைட்டைப் போட்டுத்தான் ஓட்டம் நடந்தது. நான் வழக்கம்போல என் வளைவில் நின்றேன். இவருடைய கார் நீட்டுப் பாதையில் முழு வேகத்தில் என்னை நோக்கி வந்தது. வளைவுக்கு முன்னால் இவர் எப்போதும் விரலைத் தளர்த்துவார்; அந்தச் சத்தம் இறங்குவது எனக்குப் பழக்கம். அன்றைக்குச் சத்தம் இறங்கவில்லை. கார் நேராக வந்து என் காலடிப் பட்டியில் மோதியது. மோதியும் நிற்கவில்லை. மூக்கைப் பட்டியில் குத்திக்கொண்டு, பின்சக்கரங்கள் ஸ்பொஞ்ச் பாயில் கிறீச்சிட்டுச் சுற்றின. சிவப்பு வெளிச்சம் நன்றாக எரிந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் மறுபக்கத்தில் ரிமோட்டோடு நின்றார். கண் திறந்திருந்தது. அந்தக் கண் காரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. விசையை இழுத்த விரல் இழுத்தபடியே இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் தங்கள் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவரிடம் போவதற்குக் காலை எடுத்து வைத்தேன். அதற்குள் அவருக்கு இமை வெட்டியது. விரல் தளர்ந்தது. சக்கரங்கள் ஓய்ந்தன.

"போர்ட் திரும்பவும் போயிட்டு!" என்றார் சத்தமாக.

மாஸ்டர் தலையை ஆட்டினார். "அந்த பழைய வியாதிதாங்க சார். அவ்ளோ பவர் அதுக்கு ஆகாது." எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்தக் கார் மயங்கி விழுந்த கதை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் காரை மேசையில் வைத்து, "பாத்துத் தாங்க," என்றார். நான் பார்த்தேன். மனதில் இருந்ததை ஒதுக்கிவிட்டு, ஒரு வாய்க்குள் பார்ப்பது மாதிரி ஒழுங்காகப் பார்த்தேன். ஈயம் ஒன்றும் விடவில்லை. கெப்பாசிட்டர் அசையவில்லை. மீற்றர் சரியான கணக்கைக் காட்டியது. ரிமோட்டின் விசை எங்காவது சிக்குகிறதா என்று கழற்றிப் பார்த்தேன். ஸ்பிரிங் துள்ளிக்கொண்டு திரும்பியது. ஓடுகிற காரை வைத்துக்கொண்டு ரிமோட்டை அணைத்துப் பார்த்தேன். கார் உடனே நின்றது. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மின்சாரம் போனாலும் தொடர்பு போனாலும் அந்தக் கார் நின்றுவிடும். பட்டியில் முட்டிக்கொண்டு சுற்றாது. யாரோ விசையை இழுத்துப் பிடித்திருந்தால்தான் அது சுற்றும்.

அவர் எதிர்க் கதிரையில் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெப்பாசிட்டர் கொஞ்சம் விட்டிருக்குமே?" என்றார்.

எனக்கு ஒரு பொய் போதும். ஈயம் வெடித்திருக்கிறது, திரும்ப வைத்துத் தருகிறேன் என்று சொன்னால் அந்த மனிதரின் முகம் மலர்ந்திருக்கும். தினமும் இரண்டு தரம் பல் துலக்குகிறேன் என்று என் கதிரையில் இருந்து பொய் சொல்கிறவர்களை நான் ஒரு நாளும் விட்டதில்லை. அந்த மாலையில் அந்தப் பொய்க்காக என் நாக்கு துடித்தது.

"போர்டில ஒண்டுமில்ல," என்றேன்.

"நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பாத்தேன். நீங்க அந்த நேரம் என்னத்தப் பாத்துக்கிட்டு நிண்டீங்க?"

"காரைத்தான். வேற என்னத்தப் பாக்குற?"

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நான் கண்டதைச் சொன்னேன், கண்ணையும் விரலையும் பற்றி. அவர் காரை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். "நீங்க எப்பவும் பயத்திலதான் பாக்குறீங்க. பயந்தா எல்லாம் தெரியும்," என்று மட்டும் சொல்லிவிட்டு மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார்.

அதன் பிறகு டொக்டரிடம் போகும் நாள்வரை அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவர் முற்றத்தில் மிளகு காய்வதைப் பார்ப்பார், வானின் ட்ரைவர் சீற்றில் ஏறிக் கண்ணாடியைத் துடைப்பார், இறங்கி வருவார். நானோ உள்ளுக்குள் கோபத்தில் வெந்துகொண்டிருந்தேன். யார்மேல் என்று கேட்டால் தெரியாது. வருடம் முழுக்க வராத ஒன்று இந்தக் கடைசி மாதத்தில்தானா வரவேண்டும்? அதுவும் என் வளைவிலேயே, என் கண் முன்னாலேயே? நான் அந்த வளைவில் நிற்காமல் இருந்திருந்தால் அது போர்டின் பிழையாகவே முடிந்திருக்கும். அதே சமயம், அவர் அந்த வானில் ஏறி ஒரு வளைவில் அந்தக் கண்ணோடு போவதை என்னால் நினைத்துப் பார்க்க ஏலவில்லை. அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். சொன்னால் அவர் என்னை மன்னிக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

டொக்டரிடம் போகும் அன்றைக்குக் கண்டிக்கு நான்தான் காரை ஓட்டினேன். அவர் ரிப்போர்ட்டுகள் இருந்த பையை மடியில் வைத்திருந்தார். டொக்டர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். பிறகு நிமிர்ந்து, "அப்ப, இந்த வருஷத்தில ஒண்டும் வரேல்லைத்தானே?" என்றார்.

அறைக்குள் ஒரு மின்விசிறி சுற்றியது. நான் என் கணவரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தேன். மூச்சை இழுத்து, வாயைத் திறந்தேன்.

"வந்தது, டொக்டர்," என்றார் அவர். "போன போயாவுக்கு. நான் கார் ஓட்டிக்கிட்டு இருக்கக்குள்ள."

டொக்டரின் முகம் மாறியது. "கார் ஓடினீங்களோ? நான் என்ன சொன்னனான்?"

என் கணவர் பைக்குள் கையை விட்டு, ரிப்போர்ட்டுகளுக்கு நடுவிலிருந்து அந்தக் குட்டிக் காரை எடுத்து மேசையில் வைத்தார். அலுமாரியை எப்போது திறந்தார் என்று எனக்குத் தெரியாது. டொக்டர் அதைக் கையில் எடுத்தார், திருப்பி வயிற்றைப் பார்த்தார், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார் எப்படி முட்டியது, எப்படிச் சுற்றிக்கொண்டு நின்றது என்பதை இவர் ஒன்றும் மறைக்காமல் சொல்லி முடித்தார். டொக்டர் சிரிப்பை விட்டுவிட்டு யோசித்தார்.

"இது வரேக்க வாற ஆளுக்கே தெரியாது. காரில ஏதும் பிழையாவும் இருக்கலாம்தானே? நீங்கள் என்னெண்டு இவ்வளவு நிச்சயமாச் சொல்லுறீங்கள்?"

"எனக்குத் தெரியாதுதான், டொக்டர்," என்றார் என் கணவர். "ஆனா அந்தப் போர்டுக்கு ஈயம் வெச்சது இவங்க. அது விட்டுப் போகாது. அப்ப, விட்டுப் போனது நான்தான்."

டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு காரை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, இன்னொரு வருடத்துக்கான திகதியை எழுதத் தொடங்கினார். நான் செய்த எந்த வேலையிலும் பிழை இருக்க வேண்டும் என்று என் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அந்த ஒரு தரம்தான்.